பட்டுக்குத் தீட்டு இல்லை

போன வாரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண் சிவந்துவிட்டது. மெட்ராஸ் ஐ!

காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் தொட்டுப் பிரித்துப் பார்த்தால், எதிரே என் வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடியோடு காபி குடித்துக்கொண்டிருக்கிறார். சினிமா வில்லன் தோற்றான்! அதோடு விட்டாரா? பால்காரரை வாசலில் நிற்கவைத்து, "உனக்கு எப்போ சிவந்துச்சு? உனக்கு முன்னாடி யாருக்கு? அவங்க வீட்டுக்கு எப்போ பால் ஊத்தினே?" என்று குறுக்கு விசாரணை வேறு.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இவரைத் தெரியும். ஹெல்த் இன்ஸ்பெக்டர். அவ்வப்போது இங்கே வந்து என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகிறவர். குழந்தை தும்மினால் மற்ற வீடுகளில் கஷாயம் போடுவார்கள். இவர், "யார்கிட்டேருந்து?" என்பார்.

அன்று எதிர்வீட்டு வாத்தியார் வந்திருந்தார். அவருக்கும் கண் கோவைப்பழம்தான். பால்காரர் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏன் சார், கூரை பத்திக்கினு எரியும்போது தண்ணி ஊத்துவீங்களா... இல்ல, தீக்குச்சி யாரு பொட்டியிலேருந்து வந்துச்சுன்னு கேட்டுக்கினு நிப்பீங்களா? வந்த வியாதி போனா சரி. எங்கேருந்து வந்தா இன்னா?"

நியாயமான கேள்விதானே? நானே இவரை இப்படி எத்தனையோ தடவை மடக்கியிருக்கிறேன். ஆனால் அன்று இவர் பதிலுக்கு வாதாடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. காரணம்? பயம்தான். இப்போது எழுதும்போதுகூட, பட்டப்பகலில், வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் குடியிருந்தோம். குடிபோன புதிதில் தறிச் சத்தம் மண்டையைப் பிளந்தது. போகப் போகப் பழகிவிட்டது. அப்புறம் எந்தச் சத்தம் எந்த வீட்டுத் தறி என்றுகூடக் காது பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. இரண்டு வீடு தள்ளி கன்னியம்மா வீடு. மூத்த மகன் மாணிக்கத்தின் தறிதான் தெருவிலேயே கனமான சத்தம். இழையை நெருக்குகிற அச்சை இழுத்து ஓங்கி அடிப்பார். அந்த அடிக்குத்தான் சேலை கெட்டியாக வரும் என்று ஊரில் பேர்.

ஒரு காலை நேரம். அடுப்படியில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. உப்பா, காரமா என்று குழம்பைக் கிளறிப் பார்க்கிறேன்... குறைந்தது குழம்பில் இல்லை. மாணிக்கம் தறி ஓடவில்லை.

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். கன்னியம்மா வீட்டு நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது.

காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். பெரியம்மை. அந்தப் பெயரை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள், ஊரிலிருந்து உறவுக்காரி வந்திருப்பதைச் சொல்லுகிற தொனியில். அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. தறி ஓடக் கூடாது, சத்தம் ஆத்தாவுக்கு ஆகாது. வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே போகக் கூடாது. உப்பு, நெருப்பு எதுவும். பார்க்கப் போகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவே கூடாது.

"கேட்டா, திரும்பிப் பார்ப்பா" என்றாள் எனக்கு அடுத்த வீட்டுக்காரி.

இவருக்கு உத்தியோகமே கேட்பதுதான்! நெருப்பில் கை வைக்கிற மாதிரி, வேப்பிலை செருகின வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, "யாராச்சும் வெளியூர்லேருந்து வந்தாங்களா? மாணிக்கம் எங்கேயாச்சும் போனாரா?" என்று கேட்டார். தெருவில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். மாணிக்கம் தறிக்குழியை விட்டு எழுந்திருக்காத மனிதர். எங்கே போவார்? பதில் கிடைக்கவில்லை. அம்மை குத்தப் போனபோதும், ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

மாணிக்கம் பிழைக்கவில்லை.

அந்த வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. கன்னியம்மாவுக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது, முகமெல்லாம் தழும்பு. இளைய மகன் தேசிங்குக்கு ஏற்கெனவே அம்மைத் தடுப்பூசி குத்தியிருந்தது. அவனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. ஐயம்பேட்டைப் பெண். பெயர் பூங்காவனம். தோளில் அம்மை குத்தின வடு காசு அகலத்துக்கு இருக்கும். சரி, இதோடு போயிற்று என்று நினைத்தோம். பக்கத்து வீடுகளிலும் ஒன்றுமில்லை.

ஏறக்குறைய இரண்டு வாரம் போயிருக்கும். தெருவின் மறுகோடியில் ஒரு தறி நின்றது. கன்னியம்மாவின் அண்ணன் வீடு.

யோசித்துப் பாருங்கள். நடுவில் இத்தனை வீடுகள். எல்லா வீட்டிலும் குழந்தைகள், எல்லா வீட்டிலும் தறி ஓடுகிறது. அத்தனையையும் தாண்டிப் போய் ஒரு வீட்டில் மட்டும் வேப்பிலை. அண்ணன் மகள், கல்யாணத்துக்கு நிற்கிற பெண், போய்விட்டாள். அப்புறம் இன்னும் இரண்டு வாரம் கழித்து அடுத்த தெருவில் கன்னியம்மாவின் தங்கை வீட்டுத் தறி நின்றது. அங்கேயும் அக்கம்பக்கத்தில் ஒன்றுமில்லை.

யாரோ முகவரி விசாரித்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற மாதிரி இருந்தது. மத்தியானத்தில் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாக எண்ணுவேன். ஏதாவது ஒரு தறி, இழை அறுந்து கொஞ்ச நேரம் நின்றால்கூட எனக்கு உயிர் போய் உயிர் வரும். மறுபடி 'டக்' என்று கேட்கும் வரை மூச்சு விட மாட்டேன். தெரு முழுக்க அப்படித்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

எங்கே தொடங்கியது என்று கேட்கக் கூடாது என்றார்களே... கேட்கவில்லை. கேட்காமலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்!

"இன்ஸ்பெக்டரம்மா, எந்தெந்த வீடுன்னு பாத்தியா?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி, என் காதருகே வந்து. "மொதல்ல புகுந்த வீடு. அப்புறம் மாமியாளோட அண்ணன், பெரியமாமன் வீடு. அப்புறம் மாமியாளோட தங்கச்சி, சின்னத்தை வீடு. புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்குப் போனாங்களே, அதே வீடுங்க. அவ கால் வெச்ச வீடும்மா. அவளுக்கு மட்டும் ஒரு பொட்டு வரல பாத்தியா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பூங்காவனம் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்தால் மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். வீட்டிலும் அவளுக்குச் சாப்பாடு கொல்லைப்புறத்தில். தேசிங்கு தலையைத் தூக்கிப் பேச மாட்டான். வியாழக்கிழமை வந்து பெண்ணை அழைத்துப் போகும்படி ஐயம்பேட்டைக்கு ஆள் போயாகிவிட்டது. இப்படி அனுப்பப்பட்ட பெண் திரும்பி வருவாள் என்று யாராவது நினைக்கிறீர்களா? பிறந்த ஊரிலும் அவளை எந்த வாசலில் ஏற்றுவார்கள்? பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். அவ்வளவுதான், அவள் வாழ்க்கை முடிந்தது.

இவர் ஐயம்பேட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஒரு வீட்டிலும் அம்மை இல்லை. "அந்தப் பொண்ணு கொண்டுவரல" என்றார் என்னிடம்.

"அப்போ அதைத் தெருவுல சொல்லுங்களேன்!"

"அவ இல்லேன்னு மட்டும் சொன்னா எவன் நம்புவான்? அவ இல்லேன்னா வேற எதுன்னு சொல்லணும்."

மறுபடி வீடு வீடாக ஏறினார். யார் வந்தார்கள், யார் போனார்கள், என்ன போயிற்று? மூன்று வீட்டிலும் ஒரே பதில். "ஒண்ணும் போகல சார். உப்புக்கூடக் குடுக்கல." கன்னியம்மா கற்பூரத்தை ஏற்றி அதன்மேல் கை வைத்தே சொன்னாள். பொய் சொல்லுகிற முகம் இல்லை அது. எனக்கு இன்றைக்கும் அதில் சந்தேகமில்லை.

இவர் கேட்காத ஆள் ஒருத்திதான் பாக்கி. புதுப் பெண் ஆம்பிளை எதிரே நின்று பேச மாட்டாள். எது கேட்டாலும் மாமியார்தான் பதில் சொல்லுவாள். அதனால் நான் போனேன். வெயில் கொளுத்துகிற மத்தியானம், கிணற்றடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவள் தண்ணீருக்கு வருவாள். நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"பூங்காவனம்... மாணிக்கம் படுத்திருந்தப்போ வீட்டுலேருந்து ஏதாச்சும் வெளியே போச்சா?"

அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "மூட்டை போச்சேக்கா."

"இன்னா மூட்டை?"

"தறியில இருந்த கல்யாணச் சேலைக்கா. பாதிதான் நெய்ஞ்சிருந்தது. ஆத்தா வந்த வீட்டுல தறி ஓட்டக் கூடாதில்ல? முகூர்த்தத்துக்குக் குடுக்கணுமேன்னு அத்தை பாவு நூலோட, அச்சோட அப்படியே கழட்டி, கொல்லைப்பக்கமா பெரியமாமா வீட்டுக்கு எடுத்துக்கினு போச்சு. அங்கே தறி நின்னதும், அங்கேருந்து சின்னத்தை வீட்டுக்குப் போச்சு."

"எதுல கட்டி எடுத்துக்கினு போனாங்க?"

"பழைய வேட்டியில. சொரசொரன்னு இருந்தா பட்டு இழை பிசிறடிக்கும்னு நல்லா நைஞ்ச துணியா தேடுவாங்க. வீட்டுல இருந்ததுலேயே நைஞ்சது, படுத்திருந்த மூத்தாருக்குக் கீழே விரிச்சிருந்தாங்களே... அதான்."

உண்மைதானே! புண்ணுக்கு உறுத்தாத துணி எதுவோ, அதுவே பட்டுக்கும் உறுத்தாத துணி.

"ஏம்மா, இதை யாருமே சொல்லலியே?"

"அவங்களுக்கு அது கணக்கே இல்லக்கா. பட்டுக்குத் தீட்டு இல்லையாம். எங்கப்பா பருத்திக்காரரு, துண்டு நெய்யறவரு. எங்க வீட்டுல தீட்டுன்னா நூலைத் தொடவே மாட்டாங்க. எனக்கு மூட்டைன்னா மூட்டைதான்."

"நீயாச்சும் சொல்லியிருக்கலாமே?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னை யாரு கேட்டாங்க?"

சின்னத்தை வீட்டிலும் தறி நின்றுவிட்டது என்றால்... சேலை இப்போது எங்கே? அவளுக்கு அதுவும் தெரிந்திருந்தது. முந்தாநாள் சின்னத்தையின் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தது. நான் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

இவரும் நானும் அந்தச் சம்பந்தி வீட்டு வாசலுக்குப் போனபோது உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் எந்தச் சத்தம் நிற்கக் கூடாது என்று உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தேனோ, அதே சத்தம்... இப்போது கேட்கவே பயமாக இருந்தது.

நெய்துகொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்து எழுந்தார். இவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சுருட்டியிருந்த சேலையை எங்கள் முன்னால் பிரித்துக் காட்டினார். அரக்கு நிறம். எனக்கு நெசவு தெரியாது. ஆனாலும் விரலால் தடவினபோது தெரிந்தது. முதலில் பலகை மாதிரிக் கெட்டி, அது மாணிக்கத்தின் அடி. அப்புறம் கொஞ்சம் தளர்ந்து வேறொரு கை. அப்புறம் இன்னொரு கை. நாலாவது கை எதிரே நின்றுகொண்டிருந்தது. எந்த வழியாக வந்தது என்று வாரக்கணக்காக ஊரெல்லாம் ஏறி இறங்கினாரே இவர், அந்த வழி முழுக்க ஒரு சேலையில் இருந்தது.

"வேட்டி எங்கே?" என்றார் இவர்.

பெரியவர் கையை நீட்டினார். உத்திரத்தில் தூளி கட்டியிருந்தது. நைந்த வேட்டி. உள்ளே பேரக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இவர் போய்க் குழந்தையைத் தூக்கினார். அந்த நிமிஷமே அந்த வீட்டில் குழந்தை முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் அம்மை குத்தினார். மறுபேச்சுப் பேசவிடவில்லை. அடுத்து மற்ற வீடுகளுக்கும். குழந்தைக்குக் கை வீங்கிக் காய்ச்சல் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இப்போது அது பள்ளிக்கூடம் போகிறது.

வேட்டியையும் சேலையையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார்கள். வேட்டி குப்பென்று பற்றியது. பட்டு அப்படி எரியாது. சுருங்கிச் சுருங்கிப் பொசுங்கும். மயிர் கருகுகிற வாடை. சுடுகாட்டுக்குப் போய்ப் பழகின ஆண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று இவர் வந்து சொன்னார்.

வழி தெரிந்துவிட்டது. அம்மையும் குத்தியாயிற்று. பூங்காவனம் தப்பித்தாள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இவர் தெருக்காரர்களைக் கூட்டி நடந்ததையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் சாந்தமாக ஒரு கேள்வி கேட்டார்.

"பட்டுக்கு எந்தக் காலத்துலயும் தீட்டு கிடையாது சார். எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து கிடையாது. இப்ப மட்டும் எப்படி ஏறுச்சு? அவ வந்தப்புறம்தானே?"

எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டே திணறடித்த மனிதர்... வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வந்தது. தெருமுனையில் மாட்டுவண்டி. பூங்காவனத்தின் அப்பா துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுடைய டிரங்குப் பெட்டியை யாரோ கொண்டுவந்து தெருவில் வைத்துவிட்டார்கள். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள், அழவில்லை. தெருவே வாசலில் நின்றது. ஒரு தறி ஓடவில்லை.

உள்ளேயிருந்து கன்னியம்மா வந்தாள். கூட்டத்தில் நின்றிருந்த தன் அண்ணனை ஒரு தரம் பார்த்தாள். மகளைப் பறிகொடுத்தவர். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எம் புள்ள கீழே விரிச்சிருந்த வேட்டியை உருவினது நானு. அதுல பாவு நூலைக் கட்டினது நானு. அண்ணன் வீட்டுல கொண்டுபோய் வெச்சது இந்தக் கைதான். இவ அந்த மூட்டையைத் தொடக்கூட இல்ல. சார் சொன்னப்பவே எனக்கு வெளங்கிடுச்சு. வாயைத் திறக்கத்தான் இத்தினி நாளாச்சு. யாரையாச்சும் வண்டியில ஏத்தணும்னா... என்னை ஏத்துங்கப்பா."

கன்னியம்மா குனிந்து பெட்டியைத் தூக்கினாள். கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தாள். பூங்காவனம் மறுபக்கத்துக் காதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக உள்ளே போனார்கள்.

அண்ணன் திரும்பி நடந்தார். அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை போக்குவரத்து இல்லை. கன்னியம்மாவுக்கு அது தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. நோய் எங்கேயிருந்து வந்தது என்று நாம் கேட்கிறோமோ இல்லையோ, ஊர் கேட்டு முடித்துவிடுகிறது. பதிலும் வைத்திருக்கிறது. யார் புதுசோ, யாருக்குப் பேச ஆளில்லையோ, அவர்கள் பெட்டி தெருவுக்கு வந்துவிடுகிறது. அதற்காகவாவது ஒருத்தர் ஒழுங்காகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். பால்காரர் என்னை மன்னிக்கட்டும்.

ஆனால், மாணிக்கத்துக்கு அது எங்கேயிருந்து வந்தது? இவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தத் தெருவை விட்டு வந்துவிட்டோம். இப்போதும் மார்க்கெட்டில் கன்னியம்மாவைப் பார்ப்பேன். கூடவே பூங்காவனம் பையைப் பிடித்துக்கொண்டு வருவாள். மற்றதெல்லாம் பேசி முடித்ததும் கன்னியம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

"எம் புள்ளைக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு சார் கண்டுபிடிச்சாராம்மா?"

"இன்னும் இல்லம்மா."

"விட்டுட வேணாம்னு சொல்லு."